இரண்டாவது சான்று

செம்பூர்,
2 ஜூலை 2025

அன்புள்ள ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். என் ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது, முழங்கால் இல்லை. உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

முதலில் ஒன்றைத் திருத்திவிடுகிறேன். எனக்கு ஏ.டி.கே.டி., அதாவது அரியர், விழுந்துவிட்டது, ஒரு தாளில் தோற்றுப்போனேன், அறுபத்தொன்பது வயதில் இது தேவையா என்று அம்பர்நாத் வரைக்கும் பேச்சு போயிருப்பதாக ராஹில் சொன்னான். பேச்சைக் கிளப்பியவன் என் மகனாகிய அவனே என்பது என் ஊகம். நான் தோற்கவில்லை. நவீன மகாராஷ்டிர வரலாற்றுத் தாளை முழு நேரமும் உட்கார்ந்து எழுதினேன். துணைத்தாள் இரண்டு வாங்கினேன். ரிசல்ட்டில் அந்தத் தாளுக்கு நேரே 'ஆப்சென்ட்' என்று போட்டிருக்கிறார்கள். தோற்றவள் வேறு, வராதவள் வேறு. நான் இரண்டும் இல்லை.

கல்லூரி அலுவலகத்தில் போய் நின்றேன். கிளார்க் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ஆன்ட்டி, சிஸ்டத்துல நீங்க வரவே இல்லியே" என்றார். எதிரே நிற்கிறவளைப் பார்த்துச் சொல்கிறார். மனு கொடுத்திருக்கிறேன். மனுவில் இருந்த என் ஆங்கிலத்தை அவர் இரண்டு முறை படித்தார். பிறகு சக மனிதராக நடந்துகொண்டார்.

பாளையங்கோட்டை கான்வென்டில் வரலாற்றுக்குப் பரிசு வாங்கியவள் நான். பி.யூ.சி.யோடு என்னை நிறுத்தினார்கள். அந்தக் குறையைத் தீர்க்கத்தான் இந்த பி.ஏ. உனக்குப் படிப்பில் ஈடுபாடு இருந்ததில்லை, ஆகவே இந்த எரிச்சல் உனக்கு முழுதாகப் புரியாது. இருந்தாலும் உன் அண்ணன் மனைவி தோற்கவில்லை என்பதை அங்கே நாலு பேரிடம் சொல்.

காது கேளாத உன்னிடம் போனில் கத்த என்னால் ஆகாது. எழுது.

வஸ்ஸலாம்.
மர்யம்

❖

அம்பர்நாத்,
14 ஜூலை 2025

மைனிக்கு ஜுலைகா எழுதுறது.

ஸலாம். இங்க எல்லாரும் சொகம். மழை ஒழுகுது, சட்டி வச்சிருக்கோம். உங்க முட்டிக்கு நல்லெண்ணெய் சூடு பண்ணித் தடவுங்க.

அந்தப் பேச்சை நான் பேசல மைனி. செவிடி எங்க போய்ப் புறம் பேச? பதில் கேக்காதே! வந்தவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டேன், எங்க மைனி தோக்கல, அவுங்கதான் ஆளைக் காணோம்னு எழுதிட்டாங்கன்னு. எங்க வீட்டுக்காரரு சிரிக்கிறாரு, "உங்க மைனி உக்காந்திருந்தா ஊருக்கே தெரியுமே, அது எப்படி ஆப்சென்ட் ஆகும்"ங்கிறாரு.

ஆனா ஒண்ணு. உக்காந்து செஞ்ச வேலைக்கு ஆளே இல்லன்னு எழுதுனா எப்படி இருக்கும்னு எனக்குப் புரியும். படிப்பு வராட்டாலும் புரியும்.

முன்பெஞ்சா பின்பெஞ்சா? பின்னால உக்காராதீங்க, கெட்டுப்போயிருவீங்க.

துஆவுடன்,
ஜுலைகா

❖

செம்பூர்,
5 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். எண்ணெய் தடவினேன். புடவை கெட்டது, முழங்கால் அப்படியே இருக்கிறது. உங்கள் கூரையைச் சரிசெய்தார்களா?

முன்பெஞ்சில்தான் உட்காருகிறேன். செம்பூரில் ஏறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் இறங்கி, மூன்று மாடி ஏறிப் போனால் ஆசிரியர் வருகைப்பதிவுக்காக ஒரு க்யூ.ஆர். கட்டத்தைத் திரையில் காட்டுகிறார். செல்போனில் அதைப் படம் பிடிக்க வேண்டும். நான் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கட்டம் மறைந்துவிடுகிறது. முன்பெஞ்சில் இருந்தபடியே மறுபடி ஆப்சென்ட். பாடப்புத்தகம் என்று ஒன்று கிடையாது, எல்லாம் பி.டி.எஃப். கோணலாக நகல் எடுத்த பக்கங்கள், ஓரத்தில் யாருடையதோ கட்டைவிரல். நூலகத்தில் புத்தகங்களை எண்ணுகிறார்களாம், ஜூன் மாதத்திலிருந்து எண்ணுகிறார்கள். குழுவாகச் செய்ய வேண்டிய வேலையில் நான்கு பேர். மூவர் வாட்ஸ்அப்பில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவதோடு சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இறுதியாண்டில் ஒரு புராஜெக்ட் உண்டு. அதில் தேறாவிட்டால் பட்டம் இல்லை. தலைப்பு, நாம் அறிந்த ஒரு தொழிலின் வரலாறு. நான் மறைந்த என் கணவரின், அதாவது உன் காக்காவின், தாராவிப் பட்டறையை எடுத்துக்கொண்டேன். 1974-இல், ஓர் ஆள் துணையில்லாமல், தன் கையாலேயே முதல் பையைத் தைத்துத் தொடங்கினார் என்பதை எழுதினேன். புரொபசர் அஷ்வத் (வயது முப்பத்திரண்டு, 'மேம், மேம்' என்று மரியாதையாக அழைத்துக்கொண்டே மதிப்பெண்ணைக் குறைப்பவர்) ஓரத்தில் சிவப்பு மையில் கேட்டிருக்கிறார்: "உங்களுக்கு எப்படித் தெரியும்?" கணவர் சொன்னார் என்றேன். ஒருவர் தன்னைப் பற்றித் தானே சொன்னது ஒரு சான்றுதான், இன்னொன்று வேண்டும் என்கிறார்.

அந்த வீட்டில் அப்போது இருந்தவர்களில் இன்றும் உயிரோடு இருப்பவள் நீ ஒருத்திதான். நான் எழுதியது சரி என்று ஒரு வரி எழுதி அனுப்பு.

வஸ்ஸலாம்.
மர்யம்

❖

அம்பர்நாத்,
29 ஆகஸ்ட் 2025

மைனிக்கு ஜுலைகா.

ஸலாம். கூரைக்குத் தார்ப்பாய் போட்டாச்சு. போன வாரம் தண்டவாளத்துல தண்ணி நின்னு ரயில் இல்ல, அதான் தபாலும் லேட். கேஸ் சிலிண்டரும் வரல. எனக்கு ஒரு கண்ணுல பொறை விழுந்திருக்காம், டாக்டர் சொன்னாரு.

கண்ணாடியைத் தேடுறதுக்குள்ள கட்டம் போயிருதுன்னு எழுதியிருந்தீங்க. கழுத்துல மாட்டிக்கிற மாதிரி ஒரு கண்ணாடிப் பை தச்சு இதோட அனுப்பியிருக்கேன். பழைய துண்டுத் தோல்தான். இனிமே ஆப்சென்ட் ஆகாதீங்க.

பழசு எல்லாம் எனக்கு எங்க நெனவு இருக்கு? நீங்க படிச்சவங்க, நீங்க எழுதுனா சரியாத்தான் இருக்கும்.

ஜுலைகா

❖

செம்பூர்,
20 செப்டம்பர் 2025

அன்புள்ள ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கண்புரையைத் தள்ளிப்போடாதே. பை கிடைத்தது, கச்சிதமாக இருக்கிறது. வகுப்பில் இரண்டு பெண்கள் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள்.

ஆனால் நான் கேட்டது பை இல்லை. நீ பதில் எழுதவில்லை.

நீ எழுதாததால் ராஹில் நடத்தும் வெப்சைட்டை இரண்டாவது சான்றாகக் கொடுத்தேன். '1974-இல் நிறுவனரின் கைகளால்' என்று அதில் அச்சில் இருக்கிறது. அதை எழுதியது யார் என்று புரொபசர் கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லை, நான்தான் எழுதிக் கொடுத்தேன் என்றேன். வகுப்பே சிரித்தது. "மேம், நீங்களே உங்களுக்குச் சாட்சியா?" என்று அவர் கேட்டதை வாழ்நாளில் மறக்கமாட்டேன்.

'ஆப்சென்ட்' விவகாரத்தில் மூன்றாவது மனு கொடுத்திருக்கிறேன். முதல் இரண்டும் வந்து சேரவில்லையாம்.

கேள்வியை எளிமையாக்குகிறேன். அப்போது உனக்குப் பதின்மூன்று வயது. ஏழாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டு வீட்டில்தான் இருந்தாய். கீழே பட்டறை, மேலே வீடு. முதல் பை தைத்த நாளை நீ பார்த்தாயா, இல்லையா?

வஸ்ஸலாம்.
மர்யம்

❖

(அஞ்சலட்டை)
அம்பர்நாத்,
1 அக்டோபர் 2025

மைனிக்கு ஸலாம். எல்லாரும் சொகம். காக்கா சொன்னது சொன்னதாவே இருக்கட்டும். மவுத்தானவங்க பேச்சை நாம ஏன் தோண்டணும்? கண்ணுக்கு மருந்து விட்டிருக்கு, ரொம்ப எழுத முடியல. ஜுலைகா

❖

செம்பூர்,
8 நவம்பர் 2025

அன்புள்ள ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கண் எப்படி இருக்கிறது? நான் சுகம் என்று எழுதிவிடலாம், ஆனால் உண்மையாக இராது.

நேற்று வகுப்பில் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எழுத்தில் சான்று இல்லாதவர்கள் ஒரு பொருளைக் கொண்டுவரலாம் என்றார் புரொபசர். நான் பட்டறையின் முதல் பையைக் கொண்டுபோனேன். என் அலமாரியில் ஐம்பது வருடமாக மல்துணியில் சுற்றிக் கிடந்த அந்தத் தோல் ஸ்கூல் பைதான். அதை மேசையில் வைத்து, "இது என் கணவர் தைத்தது" என்றேன். புரொபசர் அதைக் கையில் வாங்கி, ஒரு மரியாதையும் இல்லாமல் உள்பக்கத்தை வெளியே இழுத்தார்.

உள்பாக்கெட்டின் மூலையில் சிவப்பு நூலில் இரண்டு முடிச்சு இருப்பது எனக்கு முன்பே தெரியும். கல்யாணமான புதிதில் கேட்டிருக்கிறேன். "கண்ணூறு படாம இருக்கப் போட்டது" என்றார் உன் காக்கா. அதையே வகுப்பிலும் சொன்னேன்.

என் பக்கத்தில் உட்காரும் பரீஹா எட்டிப் பார்த்தாள். தாராவிப் பெண். அவள் தகப்பனாரும் பை தைக்கிறவர். "ஐயோ ஆன்ட்டி, கண்ணூறும் இல்ல ஒண்ணும் இல்ல. இது காரீகர் நிஷான், தைக்கிற தொழிலாளி போடுறது. சனிக்கிழமை பீஸ் எண்ணும்போது யாரு எத்தனை தச்சாங்கன்னு தெரியணும்ல? ஆளுக்கொரு அடையாளம். எங்க வாப்பா நீல நூல்ல ஒண்ணு போடுவாரு. முதலாளி எதுக்குப் போடப்போறாரு? அவருதானே எண்ணுறவரு!" என்றாள்.

"அப்படியென்றால் இதைத் தைத்தவர் வேறொருவர்" என்றார் புரொபசர்.

நான் அவளிடம் குரலை உயர்த்தினேன். தெரியாததைப் பேசாதே என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. குர்லாவில் ரயிலுக்குக் காத்திருந்தபோது டிக்கெட்டைப் படிக்கக் கண்ணாடியை எடுத்தேன். நீ அனுப்பிய பை. விரல் உள்ளே போனபோது மூலையில் ஏதோ தட்டுப்பட்டது. அங்கே பெஞ்சில் உட்கார்ந்தே அதை வெளியே திருப்பிப் பார்த்தேன்.

சிவப்பு நூல். இரண்டு முடிச்சு.

இரண்டு ரயிலை விட்டுவிட்டேன். ஜுலைகா, இதற்குப் பதில் எழுது.

மர்யம்

❖

செம்பூர்,
12 டிசம்பர் 2025

ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஐந்து வாரம் ஆகிறது. உன் கண் ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று ராஹில் மூலம் அறிந்தேன், அல்ஹம்துலில்லாஹ். எழுதலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டதாகவும் அறிந்தேன்.

பரீஹாவிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். "சோடோ ஆன்ட்டி, விடுங்க, எங்க உம்மா இதைவிடக் கத்தும்" என்றாள்.

பிப்ரவரி கடைசியில் புராஜெக்டைக் கொடுக்க வேண்டும். என் கணவர் தனியாகத் தொடங்கினார் என்று இனி நான் எழுத முடியாது. வேறு என்ன எழுதுவது என்றும் தெரியவில்லை. முதல் பக்கம் வெறுமையாக இருக்கிறது. நான் பட்டத்துக்காக மட்டும் கேட்கிறேன் என்று நீ நினைத்தால் அது தவறு.

மர்யம்

❖

அம்பர்நாத்,
4 ஜனவரி 2026

மைனிக்கு ஜுலைகா எழுதுறது.

ஸலாம். கண்ணு இப்ப பளிச்சுனு தெரியுது. சுவத்துல இருக்கற அழுக்கெல்லாம் தெரியுது, அதான் கஷ்டம். உங்க முட்டி எப்படி?

கண்ணாடிப் பையில முடிச்சைப் போட்டப்ப நான் யோசிக்கல மைனி. கை தானா போட்டுருச்சு. இந்தக் கடுதாசி மூணாவது தடவை எழுதுறேன், முதல் ரெண்டையும் கிழிச்சுட்டேன்.

ஏழாம் கிளாஸ் பாதியில ஒரு நாள் காக்கா வந்து டீச்சர்கிட்ட சொல்லி என்னைக் கூட்டிட்டு வந்தாரு. அறுபது பைக்கு ஆர்டர் கெடச்சிருக்கு, தைக்க ஆள் வைக்க வழியில்ல, ஒரு மாசம் போதும், அப்புறம் ஸ்கூலுக்குப் போயிரலாம்னாரு. சொன்னா சிரிப்பீங்க, அறுபதும் ஸ்கூல் பை. அவரு தோலை வெட்டுவாரு, நான் தைப்பேன். அவருக்குத் தையல் நேரா வராது. முதல் பையைத் தூக்கி வச்சுக்கிட்டு, "நம்ம கை ராசியான கைடீ"ன்னாரு. முடிச்சு போடச் சொன்னதும் அவருதான், "நீயும் காரீகர்தான்"னு. எனக்கு அப்ப என்ன பெருமை தெரியுமா!

ஒரு மாசம் ரெண்டு வருஷமாச்சு. அப்புறம் ஆம்பளை ஆளுங்க மூணு பேரு வேலைக்கு வந்தாங்க, நானும் அவுங்ககூட உக்காந்து தச்சேன். அந்தச் சமயத்துல உங்க வாப்பா பாளையங்கோட்டையிலேருந்து மாப்பிள்ளை வீடு பாக்க வரதா தாக்கல் வந்துச்சு. வயசுக்கு வந்த பொண்ணு பட்டறையில ஆம்பளைங்ககூட தைக்குதுன்னு தெரிஞ்சா கான்வென்ட் பொண்ணைத் தரமாட்டாங்கன்னு உம்மா அன்னைக்கே ஊசியை வாங்கி உள்ள வச்சுட்டாங்க. ஏன் ஸ்கூலுக்குப் போகலன்னு யாரும் கேட்டா படிப்பு ஏறலன்னு சொல்லணும். காக்கா என் மொகத்தைப் பாக்காமத்தான் கேட்டாரு, "யார்கிட்டயும் சொல்லமாட்டியேடீ?" நான் சொல்லல. அவரு மவுத்தான பின்னாலயும் சொல்லல.

நீங்க வந்த புதுசுல எனக்கு இங்கிலீஷ் சொல்லிக் குடுத்தீங்க, பத்து நாளு. தோல் குத்துற ஊசி பட்டுப் பட்டுக் கட்டைவிரல் மரத்திருந்துச்சு, பென்சில் நிக்காது. அதுக்கு மேல அதைப் பத்தி எழுத வேணாம்.

காக்கா மேல கோவப்படாதீங்க. அவரு கெட்டவரு இல்ல. ஆனா மைனி, உங்க ஒரு பேப்பருக்கு ஆப்சென்ட்னு போட்டதுக்கு நீங்க மூணு மனு குடுத்தீங்க.

நீங்க என்ன எழுதணுமோ எழுதுங்க. இல்ல, எழுதாதீங்க. எனக்கே தெரியல.

ஜுலைகா

❖

செம்பூர்,
2 பிப்ரவரி 2026

அன்புள்ள ஜுலைகாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் கடிதம் கிடைத்து இருபது நாள் ஆகிறது. சுவரைத் துடைத்துக் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே. என் முழங்கால் பழையபடிதான் இருக்கிறது, அதைப் பற்றி இனி எழுதப்போவதில்லை.

முதலில் கல்லூரிச் செய்தி. என் 'ஆப்சென்ட்' நீங்கிவிட்டது. தேர்வறையில் கையெழுத்து வாங்கிய தாளை எடுத்துப் பாருங்கள் என்று நான்காவது மனுவில் எழுதியிருந்தேன். கிளார்க் அதைத் தேடி எடுத்தார். என் கையெழுத்து அதில் இருந்தது. அறுபத்தெட்டு மதிப்பெண். எட்டு மாதம் அந்தக் கையெழுத்துத் தாள் அவருக்குப் பின்னால் இருந்த அலமாரியில்தான் கிடந்தது. "சாரி ஆன்ட்டி" என்றார். அவரைத் திட்டத் தயாராகப் போயிருந்தேன், வாய் வரவில்லை. யாரைத் திட்டுவது என்பதில் எனக்கு இப்போது கொஞ்சம் குழப்பம் இருக்கிறது.

உன் காக்கா மேல் கோபப்படாதே என்றாய். பட்டேன். மூன்று நாள் அவர் போட்டோவைத் துடைக்கவில்லை. நாலாம் நாள் துடைத்தேன்.

பிறகு புராஜெக்டை எழுதினேன். முதல் வரி இப்படி இருக்கிறது: 'இந்தப் பட்டறையின் முதல் பையைத் தைத்தவர் ஜுலைகா, அப்போது அவருக்கு வயது பதின்மூன்று.' நீ பள்ளியை விட்டதற்குப் படிப்பு ஏறாதது காரணம் இல்லை என்பது இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. உன்னை எதற்காக மறைத்தார்கள் என்பதும் இருக்கிறது. என் வாப்பா வீடு பார்க்க வந்ததும், அவர் எப்படிப்பட்டவர் என்பதும், நான் எப்படிப்பட்ட வீட்டுப் பெண் என்பதும் அதில் உண்டு.

பத்து நாள் பாடத்தைப் பற்றி மேலே எழுத வேண்டாம் என்றாய். நீ எழுதாததை நான் எழுதிவிட்டேன். பதினான்காவது அடிக்குறிப்பு. எழுத்து கோணலாக இருந்ததற்காக உன் கட்டைவிரலில் மர ஸ்கேலால் அடித்தேன். ஒரு முறை இல்லை. பிறகு 'இவளுக்குப் படிப்பு ஏறாது' என்று நான் முடிவு செய்து, ஐம்பது வருடமாகக் கல்யாண வீடுகளில் சொல்லி வந்திருக்கிறேன். போன ஜூலையில் உனக்கே எழுதினேன். அந்தக் கடிதத்தின் நகலும் இணைப்பில் உண்டு. அடிக்குறிப்பு நீளமாக இருக்கிறது, சொந்த விஷயமாக இருக்கிறது என்றார் வரைவைப் பார்த்த புரொபசர். இருக்கட்டும் என்றேன். இரண்டு மதிப்பெண் குறைப்பாராம். குறைக்கட்டும்.

போன ஞாயிறு கோபர்கைரனேயில் ஒரு நிக்காஹ் விருந்து. ராஹில் வீட்டார், உன் சின்ன மாமியார் வீட்டார் எல்லோரும் இருந்தார்கள். பிரியாணி பரிமாறும்போது எழுந்து நின்று, ஜுலைகாவைப் பற்றி நான் சொல்லிவந்தது தவறு என்று சொன்னேன். கிழவிக்கு என்னவோ ஆகிவிட்டது என்று இப்போது பேச்சு கிளம்பியிருக்கும். இந்த முறை அதை நீ திருத்த வேண்டாம். வெப்சைட்டிலும் வரியை மாற்றச் சொன்னேன். "உம்மா, பிராண்டு போயிரும்" என்றான் ராஹில். மாற்றிவிட்டான்.

இன்னும் ஒன்று பாக்கி. உயிரோடு இருக்கிறவரைப் பற்றி எழுதினால் அவருடைய ஒப்புதல் எழுத்தில் வேண்டும் என்பது கல்லூரி விதி. அந்தப் படிவம் ஆங்கிலத்தில் இருக்கிறது. பின்பக்கத்தில் தமிழில் எழுதியிருக்கிறேன். புராஜெக்டின் நகலும் இத்துடன் இருக்கிறது, பதினெட்டுப் பக்கம். முழுதும் படி. தவறு இருந்தால் சிவப்பு மையால் ஓரத்தில் எழுது. வேண்டாம் என்று நீ சொன்னால் இதைக் கொடுக்கமாட்டேன். இந்த ஆண்டு பட்டமும் வாங்கமாட்டேன். உன்னைத் தாங்கிப் பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. நீ இல்லாமல் இந்தப் பட்டறையின் வரலாற்றை என்னால் இன்னொரு முறை எழுத முடியாது.

இருபதாம் தேதிக்குள் என் கைக்கு வரும்படி பதில் எழுது. சம்மதமா இல்லையா என்று இரண்டு வரி போதும். உன் கையாலேயே எழுதி, தேதியிட்டு, கையெழுத்துப் போடு.

வஸ்ஸலாம்.
உன் மைனி,
மர்யம்